ஒரே ஆல்பம், நாலு சிடி: ராக் ரீமாஸ்டர்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

பழைய ராக் ஆல்பம் ஒன்றை சிடியில் வாங்கலாம் என்று இறங்கினால் முதல் கேள்வியே ‘எந்தச் சிடி?’ என்பதுதான். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973-ல் வந்தது. சிடியில் மட்டும் அதற்கு 1983 ஜப்பான் பதிப்பு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ரீமாஸ்டர், 2003-ன் எஸ்.ஏ.சி.டி (சாதாரண சிடி அடுக்கோடு உயர்தர ஒலி அடுக்கும் உள்ள தட்டு), 2011 ரீமாஸ்டர், 2023-ல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று வரிசை நீள்கிறது. நடுவில் தங்கப் பூச்சுள்ள சிடி வேறு. பாட்டு எல்லாம் அதேதான், விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம்.

எது நல்ல சவுண்ட் என்று நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். நீங்களே கேட்டு முடிவு செய்வதுதான் உருப்படியான வழி. அதற்கு சிடி டிரைவ் உள்ள கணினி, சுமாரான ஒரு ஹெட்போன், இரண்டு மூன்று இலவச மென்பொருள்கள், இரண்டு மாலைப் பொழுது போதும். ஆனால் சில விஷயங்களை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும். மாற்றினால் மாஸ்டரிங்கை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

கிடார், டிரம்ஸ், குரல் எல்லாம் தனித்தனி டிராக்குகளில் பதிவாகின்றன. அவற்றைச் சேர்த்து இரண்டு சேனலாக்குவது மிக்ஸ். அந்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து பாஸ், டிரெபிள், சத்த அளவு ஆகியவற்றைச் சரிசெய்து வெளியீட்டுக்குத் தயாராக்குவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் இந்த இரண்டாவது வேலையை மட்டும் மறுபடி செய்தது. ரீமிக்ஸ் என்றால் முதலிலிருந்தே மாற்றியது.

கடைக்காரர்களும் லேபிள்களும் இரண்டையும் குழப்புவது சகஜம். டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்துக்கு 1997-ல் வந்த இரட்டைச் சிடியில் ஒரு தட்டு அந்தக் குழுவின் ரோஜர் குளோவர் செய்த புது மிக்ஸ், மற்றொன்று ரீமாஸ்டர். பீட்டில்ஸ் கதை இன்னும் சிக்கல். 1987-ல் ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ இரண்டையும் சிடிக்காக அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் புதிதாக மிக்ஸ் செய்தார். 2009-ன் ஸ்டீரியோ ரீமாஸ்டர் அந்த மிக்ஸிலிருந்தே வந்தது. 1965-ன் அசல் ஸ்டீரியோ மிக்ஸ் வேண்டுமென்றால், வேடிக்கையாக, 2009-ன் மோனோ பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அதற்குள் அதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2017-ல் அவர் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ முழுக்க ரீமிக்ஸ். அதை 2009 சிடியோடு ஒப்பிட்டு ‘ரீமாஸ்டரிங் எவ்வளவு முன்னேறிவிட்டது’ என்று வியப்பவர்கள் உண்டு.

ஆகவே முதல் முறை செய்பவர்கள் ரீமிக்ஸ் பக்கம் போகாமல், ஒரே மிக்ஸின் இரண்டு மாஸ்டரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வேண்டாம். ஆல்பமும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்தச் சிடி?

பின்னட்டையில் உள்ள வருடத்தை நம்பாதீர்கள். 1973 என்று போட்டிருந்தால் அது பாட்டின் உரிமை ஆண்டு. சிடி 1984-லும் அடித்திருக்கலாம், 2004-லும் அடித்திருக்கலாம். முதுகுப்பகுதியில் உள்ள கேட்டலாக் எண்ணைப் பாருங்கள். பிறகு சிடியைத் திருப்பி, நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு எண் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். அதே வளையத்தில் ஐ.எஃப்.பி.ஐ (IFPI) என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு குறியீடு இருந்தால், அந்தத் தட்டு 1994-க்கோ அதற்குப் பிறகோ அச்சானது என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. இந்த இரண்டு எண்களையும், இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால் நாடு, ஆண்டு எல்லாம் கிடைத்துவிடும்.

அட்டையில் மாஸ்டரிங் செய்தவர் பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். லெட் செப்பலின் சிடிகளில் இது நன்றாக உதவும். எண்பதுகளின் முதல் சிடிகளில் பலவற்றைச் செய்தவர் பாரி டயமென்ட். 1990-ல் அந்தக் குழுவின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜோடு உட்கார்ந்து செய்தவர் ஜார்ஜ் மரினோ. 2014-ல் தொடங்கிய வரிசை ஜான் டேவிஸுடையது. மூன்றும் மூன்று காது.

இளையராஜாவின் பழைய ஓரியண்டல், எக்கோ சிடிகளைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த எண் வேட்டை புதிதாக இருக்காது.

கணினிக்குள் ஏற்றுங்கள்

சிடி பிளேயரில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவதற்குள் காது மறந்துவிடும். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகள்தான் நிற்கும். அதனால் இரண்டையும் ஃபைலாக்கிவிடுங்கள் (இதற்கு ‘ரிப்’ செய்வது என்று பெயர்). விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி. இரண்டும் தவறில்லாமல் படித்தோமா என்று மற்றவர்களின் சிடியோடு சரிபார்த்துச் சொல்லும். தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். எம்.பி.3 வேண்டாம். ஃபோல்டர் பெயரில் கேட்டலாக் எண்ணைப் போட்டுவிடுங்கள், பிறகு எது எது என்று தேட வேண்டியிருக்காது.

ரிப் முடிந்ததும் ஒரு லாக் ஃபைல் வரும். அதை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ‘பீக்’ என்று ஒரு எண் போட்டிருக்கும். அந்தப் பாட்டின் மிக உயர்ந்த புள்ளி அது. இரண்டு சிடியிலும் எல்லாப் பாட்டுக்கும் பீக் எண்கள் அப்படியே ஒத்துப்போனால் அவை அநேகமாக ஒரே மாஸ்டரிங்தான், அட்டை மட்டும் வேறு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் இரண்டு ஃபைலையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திறந்து, தொடக்கத்தைத் துல்லியமாக நேர்படுத்தி, ஒன்றை ‘இன்வெர்ட்’ செய்து (அலையைத் தலைகீழாக்கி) சேர்த்து ஓட்டுங்கள். முழு நிசப்தம் என்றால் இரண்டும் ஒன்றே. நேர்படுத்துவதில் கவனம் தேவை: சிடியில் ஒரு நொடி ஒலி 44,100 சாம்பிள்களாக, அதாவது தனித்தனி அளவுப் புள்ளிகளாக, பதிவாகியிருக்கும். ஒரு சாம்பிள் தள்ளியிருந்தாலும் நிசப்தம் வராது, ஏதோ கீச்சென்று மிச்சம் கேட்கும்.

ஜப்பானில் வந்த எஸ்.எச்.எம் சிடிகளை இப்படிச் சோதித்துப் பார்ப்பது சுவாரசியமான வேலை. அதில் மாறுவது தட்டின் பிளாஸ்டிக். பழைய மாஸ்டரிங்கையே அதில் அடித்திருந்தால் ரிப்பில் ஒரு பிட்கூட மாறாது. தங்கச் சிடியும் இப்படித்தான். மொபைல் ஃபிடெலிட்டி, டி.சி.சி போன்ற நிறுவனங்களின் தங்கச் சிடிகளுக்கு மவுசு இருப்பது அவர்கள் தனியாக மாஸ்டரிங் செய்ததால். தங்கம் பளபளக்கிறது, அவ்வளவுதான்.

எண்பதுகளின் ஜப்பான் சிடிகளில் ஒரு பொறி உண்டு: ப்ரீ எம்ஃபசிஸ். இரைச்சலைக் குறைக்க டிரெபிளை உயர்த்திப் பதிவு செய்து, பிளேயர் அதைத் திரும்ப இறக்கும் ஏற்பாடு. சிடி பிளேயர் ஒரு குறியைப் பார்த்துத் தானாகவே இறக்கிவிடும். ஆனால் ரிப் செய்த ஃபைலில் உயர்த்தியது உயர்த்தியபடியே இருக்கும். உச்ச அதிர்வெண்களில் இந்த உயர்வு 10 டெசிபெல் வரை போகும். மேலே சொன்ன 1983 ‘டார்க் சைட்’, அதாவது சேகரிப்பாளர்கள் ‘பிளாக் டிரையாங்கிள்’ என்று கொண்டாடும் சி.பி.35-3017, இந்த வகைதான். அதை அப்படியே ரிப் செய்து கேட்டால் சிம்பல் எல்லாம் காதைக் கிழிக்கும். ‘இதற்கா இவ்வளவு விலை?’ என்று தோன்றும். சாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. பழைய ஜப்பான் சிடியின் ரிப் அளவுக்கு மீறிக் கூர்மையாகக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கண்ணால் ஒரு பார்வை

ஆடாசிட்டியில் இரண்டு அலைவடிவத்தையும் பாருங்கள். பழைய மாஸ்டரிங்கில் டிரம் அடிகள் ஊசி ஊசியாக எழுந்து நிற்கும், நடுவில் பள்ளங்கள் இருக்கும். சத்தத்தைக் கூட்டிய ரீமாஸ்டர் தலைமட்டமாகக் கத்தரித்த வேலிச்செடி போல் இருக்கும். காரணம் லிமிட்டர். சிடியில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. மொத்தத்தையும் சத்தமாக்க வேண்டுமென்றால் உயர்ந்த புள்ளிகளை நசுக்கி மற்றதைத் தூக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இந்தப் போட்டி ஏறிக்கொண்டே போனது. இகி பாப் 1997-ல் தன் ‘ரா பவர்’ ஆல்பத்தை வேண்டுமென்றே உடையும் அளவுக்குச் சத்தமாக மிக்ஸ் செய்தார். அது அவருடைய ரசனை. ஆனால் எல்லா ஆல்பத்துக்கும் அது பொருந்துமா?

இதை எண்ணாகச் சொல்வதுதான் டி.ஆர் (டைனமிக் ரேஞ்ச்) மதிப்பு. பாட்டை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, சத்தமான 20 சதவீதத் துண்டுகளின் சராசரிக்கும் உச்சப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுவார்கள். ஃபூபார் 2000 என்ற இலவச மியூசிக் பிளேயரில் இதற்கொரு இணைப்பு இருக்கிறது. 12, 13 என்றால் தாராளம். 6, 7 என்றால் நன்றாக நசுக்கியிருக்கிறார்கள்.

இந்த எண்ணோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். அது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. டி.ஆர் எண் சத்த ஏற்ற இறக்கத்தை மட்டும் சொல்லும். மந்தமான மூன்றாம் தலைமுறை டேப் நகலிலிருந்து எடுத்த சிடிக்கும் 13 வரும். அசல் டேப்பிலிருந்து அருமையாக எடுத்து, மிக லேசாக லிமிட்டர் போட்டதற்கு 10 வரும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எல்.பி (வினைல் இசைத்தட்டு) ரிப்பின் டி.ஆர் எண்ணை சிடியோடு ஒப்பிடுவது இன்னும் வீண். ஒரே மாஸ்டரிங்காக இருந்தாலும் எல்.பி-க்கு எண் கூடுதலாகக் காட்டும்.

சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

மற்றதில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

இரண்டு ஒலியில் ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தால் காது அதைச் ‘சத்தமாக இருக்கிறது’ என்று சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது, பாஸ் நன்றாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது’ என்று சொல்லும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியதுதான்: சத்தம் குறைந்தால் காதுக்கு பாஸும் உச்ச டிரெபிளும் விகிதத்துக்கு மேல் குறைந்து கேட்கும், கூடினால் கூடிக் கேட்கும். பழைய சிடிக்கும் 2000-க்குப் பிந்தைய ரீமாஸ்டருக்கும் இடையே 5, 6 டெசிபெல் வித்தியாசம் சாதாரணம். வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் ரீமாஸ்டர்தான் ஜெயிக்கும். கடையில், நண்பர் வீட்டில் நடக்கும் ஒப்பீடுகளில் முக்கால்வாசி இங்கேயே கெட்டுப்போகின்றன.

ஃபூபாரில் இரண்டு ஃபைலையும் தேர்ந்தெடுத்து ரீப்ளேகெயின் ஸ்கேன் செய்யுங்கள்; சத்தம் சமமாக எவ்வளவு ஏற்ற இறக்க வேண்டும் என்று அது கணக்கிடும். ஒரு பாட்டை அதே பாட்டோடு ஒப்பிடும்போது டிராக் கெயின். முழு ஆல்பமாகக் கேட்கும்போது ஆல்பம் கெயின். ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, பிளேபேக் அமைப்பில் அதைச் செயல்படுத்தவும் வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு ‘சமப்படுத்தியும் ரீமாஸ்டர்தான் நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். ஆடாசிட்டியிலேயே செய்வதென்றால் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ எடுத்து இரண்டுக்கும் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ் (LUFS, சத்த அளவின் அலகு) கொடுங்கள். எப்போதும் சத்தமானதை இறக்க வேண்டும். பழையதை ஏற்றினால் அதன் ஊசிமுனைகள் கூரையில் முட்டி உடையும்.

இதற்குப் பிறகும் காதால் ஒரு சரிபார்ப்பு தேவை. ரீமாஸ்டரில் பாஸைத் தூக்கியிருந்தால் மென்பொருள் அதையும் சத்தக் கணக்கில் சேர்த்து மொத்தத்தையும் கொஞ்சம் இறக்கிவிடும். அப்போது குரல் பின்வாங்கிக் கேட்கும். பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அரை டெசிபெல் இப்படி அப்படி நகர்த்துங்கள். பிறகு ஹெட்போன் வால்யூமை வசதியான ஓர் இடத்தில் வைத்துவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

எங்கே காதை வைப்பது?

முழுப்பாட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தால் பாட்டை ரசிக்க ஆரம்பித்துவிடுவோம். பத்துப் பதினைந்து நொடித் துண்டுகளாக எடுங்கள். ‘டார்க் சைட்’ இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும். பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் பதிவு செய்தவை அவை. நல்ல மாஸ்டரிங்கில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக ஒரு ‘ணங்’ இருக்கும், அது தேய்ந்து அடங்குவதும் கேட்கும். நசுக்கியதில் எல்லாம் ஒரே கூச்சலாகிவிடும். அடுத்து டிரம்மர் நிக் மேசன் ரோட்டோடாம் என்ற டிரம் வகையில் அடிக்கும் அடிகள்: கோல் தோலில் படும் அந்த முதல் நொடியும், பிறகு வரும் ஒலியின் உடம்பும் பிரிந்து கேட்கின்றனவா?

‘மணி’ (Money) பாட்டில் டேவிட் கில்மரின் கிடார் சோலோவுக்குப் போங்கள். முதல் சுற்றில் கிடார் பெரிய கூடத்தில் ஒலிப்பது போல் விரிந்திருக்கும். இரண்டாவது சுற்றில் எதிரொலி எதுவும் இல்லாமல் சட்டென்று சின்ன அறைக்குள் வந்தது போல் சுருங்கும். மூன்றாவதில் மறுபடி விரியும். இந்தச் சுருங்கி விரிதல்தான் அந்த இடத்தின் உயிர். லிமிட்டர் அதிகமானால் சின்ன அறையும் பெரிய கூடத்தின் சத்தத்துக்கே ஏறிவிடும். 2003 எஸ்.ஏ.சி.டி-யில் இருந்த சாதாரண சிடி அடுக்கில், எஸ்.ஏ.சி.டி அடுக்கைவிடச் சத்தம் கூட்டி உச்சிகளை மழித்திருக்கிறார்கள் என்று அந்த ஆண்டே ஸ்டீரியோஃபைல் இதழ் இந்தப் பாட்டின் அலைவடிவத்தை வைத்தே காட்டியது. ஒரே தட்டில் இரண்டு மாஸ்டரிங்!

‘அஸ் அண்ட் தெம்’மில் மெதுவான வரிகளுக்கும் உடைந்து எழும் கோரஸுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் கிளேர் டோரியின் குரல் உச்சத்துக்குப் போகும்போது கரகரக்கிறதா என்று கேளுங்கள். கொஞ்சம் கரகரப்பு அசல் டேப்பிலேயே இருக்கலாம். இரண்டு சிடியிலும் ஒரே அளவில் இருந்தால் மாஸ்டரிங்கைக் குறை சொல்லாதீர்கள்.

எந்த ஆல்பமானாலும் ஃபேட் அவுட்டைக் கேட்காமல் விடாதீர்கள். பாட்டு தேயத் தேய டேப் இரைச்சல் மேலே வரும். அது மெல்லிய ‘ஸ்ஸ்’ என்று கடைசிவரை சீராக இருந்தால் நல்லது. இரைச்சலே இல்லாமல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இரைச்சலை வழித்தெடுத்தபோது சிம்பலின் வாலும் குரலைச் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து போயிருக்கலாம். அப்படி ஆனதில் சிம்பல் ‘ட்ஷ்ஷ்ஷ்’ என்று நீளாமல் ‘ட்ஷ்’ என்று பாதியில் அறுந்துவிடும்.

அப்புறம் சுருதியையும் வேகத்தையும் கவனியுங்கள். தி டோர்ஸின் முதல் ஆல்பம் பல ஆண்டுகள் அசலைவிடக் கொஞ்சம் மெதுவாகவே வெளிவந்துகொண்டிருந்தது. புரூஸ் பாட்னிக் 2006-ல் மறுபடி மிக்ஸ் செய்தபோதுதான் வேகத்தைச் சரிசெய்தார்கள். இப்படி வேகம் மாறியிருந்தால் மற்ற ஒப்பீடெல்லாம் குழம்பிவிடும். வேகமானதுதான் எப்போதும் துடிப்பாகத் தோன்றும்.

பெயர் தெரியாமல் கேளுங்கள்

அதிக விலை கொடுத்த சிடிதான் நன்றாக ஒலிக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் எது எது என்று தெரியாமல் கேட்க வேண்டும்.

ஃபூபாரில் ஏ.பி.எக்ஸ் என்று ஓர் இணைப்பு உண்டு. அது ஒன்றை மறைத்து வைத்து ‘இது ஏ-வா, பி-யா?’ என்று கேட்கும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆக உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது. 8, 9 என்றால் காசு சுண்டிப் போட்டதற்குச் சமம். எண்பதுகளின் சிடியும் புது ரீமாஸ்டரும் என்றால் பெரும்பாலும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். நெருக்கமான இரண்டு மாஸ்டரிங்கில்தான் இந்தத் தேர்வு தேவைப்படும்.

வித்தியாசம் தெரிகிறது என்பது ஒன்று, எது பிடிக்கிறது என்பது வேறு. இரண்டாவதற்கு வீட்டில் ஒருவரைப் பிடித்து, ஃபைல்களுக்கு ‘சிவப்பு’, ‘நீலம்’ என்று பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று முழு ஆல்பமாகக் கேளுங்கள். துண்டு துண்டாகக் கேட்கும்போது பளிச்சென்று இருப்பது, நாற்பது நிமிடம் ஓடும்போது தலைவலி தருவதும் உண்டு. எந்தப் பாட்டில் வால்யூமைக் குறைக்கக் கை போனது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு டி.ஆர் எண்ணைவிட உபயோகமானது.

பணம் செலவழிக்கும் முன்

முதல் ஒப்பீட்டுக்கே ஏலத்தில் அரிய பதிப்பைத் துரத்த வேண்டாம். லட்சக்கணக்கில் விற்ற ஆல்பங்களின் முதல் சிடிகள் பழைய கடைகளில் மலிவாகவே கிடக்கும். டயர் ஸ்டிரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ நல்ல தொடக்கம். 1985-ல் வெளிவந்து சிடியிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, அதனால் தட்டுப்பாடே இல்லை. பதிவே டிஜிட்டல் என்பதால் பல தலைமுறை டேப் நகல் என்ற குழப்பமும் குறைவு. 1996 ரீமாஸ்டரும் எளிதில் கிடைக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் இருப்பது கடைசியாக வந்த ரீமாஸ்டர்தான். அதனால் புதியதை வாங்காமலேயே கேட்டுப் பார்க்கலாம், பழையதை மட்டும் தேடினால் போதும்.

எல்லாம் முடிந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகும் தோற்ற சிடியை உடனே விற்றுவிடாதீர்கள். ஹெட்போனில் ராத்திரி கேட்பதற்கு ஏற்ற இறக்கம் உள்ள பழைய மாஸ்டரிங் நன்றாக இருக்கும். அதையே காரில் போட்டால் மெதுவான பகுதிகள் எஞ்சின் சத்தத்தில் காணாமல் போகும், வால்யூமைக் கூட்டினால் அடுத்த கோரஸில் தூக்கிவாரிப் போடும். அங்கே அந்த நசுக்கிய ரீமாஸ்டர்தான் வசதி. என் காரில் கிடப்பதும் அந்த மாதிரிச் சிடிகள்தான்.